செப்பு

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பக்கத்திலிருந்த பெண் செல்போனில் ஓடிய தொடரைத் திட்டினாள். "பத்து வாரமா கொலகாரன் மூஞ்ச காட்டாம இழுத்துக்கினு கீறானுங்க!"

எனக்குப் புத்தூர் ஞாபகம் வந்தது; அவளிடம் சொன்னேன். நைனா வேலை செய்த மில்லின் முதலாளி வீட்டில்தான் டிவி. வாசலைப் பெருக்கினால்தான் மர்மத் தொடர் பார்க்க விடுவார். ஒருநாள் கொலைகாரன் திரும்பும் நேரத்தில் 'மிச்சம் அடுத்த வாரம்' என்று எழுத்து வந்தது.

"செப்பு! செப்பு!" என்று கூட்டம் டிவியைப் பார்த்துக் கத்தியது. தெலுங்கில் அதற்குச் 'சொல்' என்றும் பொருள், 'செருப்பு' என்றும் பொருள். நைனா செருப்பை வீசினார். டிவி கீழே விழுந்து உடைந்தது.

"செப்பு கேட்டாங்க, குடுத்தேன்" என்றார் முதலாளியிடம். அன்றே வேலை போனது.

"அப்பறம் கொலகாரன் ஆருண்ணா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாதும்மா. ஆனா மொதலாளிக்கும் தெரியாது."