தொட்டுக் கும்பிட்ட டிராக்டர்

ராமநாதபுரம் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு என் குளிர்சாதனப் பெட்டி வழக்குக்காகப் போன ஏழு வாய்தாவிலும் அவரைப் பார்த்தேன். பரமக்குடிப் பக்கத்து விவசாயி. நெற்றி நிறையத் திருநீறு. நான்கு மாதத்தில் பதினொரு முறை நின்றுபோன புது டிராக்டருக்கு மாற்று வண்டி கேட்டிருந்தார்.

ஏழாவது வாய்தாவில், நீதிமன்றம் அமர்த்திய பொறியாளர் நீதிமன்ற வாசலிலேயே வண்டியைச் சோதிக்க வந்தார். அது கிளம்பாவிட்டால்தான் விவசாயியின் வழக்கு ஜெயிக்கும். விவசாயியோ டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.

"இன்னைக்குப் போய்க் கும்பிடலாமாய்யா?" என்றேன்.

"கும்பிடாம எப்படிங்க ஏறுறது? 'நாலு பேர் முன்னால நின்னுறாத, மானத்தக் காப்பாத்து'ன்னுதான் எப்பவும் கேப்பேன். அதுவே வாயில வந்துருச்சு."

அவருடைய வக்கீல் தலையில் கைவைத்து நின்றார். இவரோ உறுமிக்கொண்டிருந்த வண்டியின் முகப்பைத் தட்டிக் கொடுத்தார். தோற்கப்போகிறவர் முகத்தில் அத்தனை பெருமை எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.