சோபாக்காரன் வாங்கிய கத்தி

பழைய சோபாவுக்குப் புது உறை போடுவது அவன் தொழில். ஊசி பிடித்தால் அவன் ராஜா. அடுப்பு என்றால் அவன் மாமனார்தான் ராஜா.

மாமனார் குழாய் ரிப்பேர்க்காரர். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தையே ஏரிக்கரைக்கு இழுத்துப்போய், கூடாரம் அடித்து, கோழி சமைப்பார். போன தடவை கோழியை நான் வெட்டுகிறேன் என்று இவன் மடக்குக் கத்தியோடு உட்கார்ந்தான். எலும்பில் அழுத்தினானோ இல்லையோ, கத்தி மடங்கி விரலைக் கடித்தது. மடிப்பில் சிக்கிய கொழுப்பு ஒரு மாதம் நாறியது வேறு.

"நீங்க சுள்ளி பொறுக்குங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

அந்த வீட்டுக்கு இவனுக்கு முன்னால் வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் சுள்ளி பொறுக்கியே நரைத்தவர்கள். இந்தத் தடவை அடுப்பைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கத்தி வாங்கக் கிளம்பினான்.

கடைக்காரர் முழ நீளத்தில் ஒன்றை உருவினார். முதுகில் ரம்பப் பல், பிடியில் திசைகாட்டி.

"இது வெங்காயம் வெட்டுமாண்ணே?"

"கரடியையே வெட்டும் தம்பி!"

"கரடியை யாருண்ணே திங்கறது?"

சட்டைப்பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து வைத்தான். கரடிக் கத்தி அதை நசுக்கி, கடைக்காரர் சட்டையில் பீய்ச்சியது. மூலையில் ஒரு சின்னக் கத்தி கிடந்தது. சாணுக்கும் குறைவு, மெல்லிய தகடு, பிளாஸ்டிக் பிடி, மடிப்பே கிடையாது. மிச்சத் தக்காளியை அது தாள் தாளாகச் சீவியது. விலையும் கரடிக் கத்தியின் வாலுக்குக் காணாது.

"எடுத்துட்டுக் கெளம்பு தம்பி, நான் சட்டை மாத்தணும்."

கத்திக்கு உறை வெறும் அட்டை. சோபாக்காரன் சும்மா இருப்பானா? மிச்சம் கிடந்த ரெக்சினில், கத்தியை உள்ளே வைத்தபடியே, சோபா மூலைக்குப் போடும் இரட்டைத் தையலால் இறுக்கி உறை தைத்தான். கை வழுக்காமலிருக்கப் பிடியில் ஒரு புடைப்பு உண்டு. அதையும் தாண்டித் தைத்துவிட்டான்.

ஏரிக்கரையில் கோழி காத்திருந்தது. கத்தி வெளியே வரவில்லை. இவன் பிடியை இழுக்க, பெண்டாட்டி உறையை இழுத்தாள்.

"ஏங்க, கத்தி வாங்கினீங்களா, கத்திக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்களா?"

சகலைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வாங்க சகல, காஞ்ச குச்சி அந்தப் பக்கம் கெடக்கு."

மாமனார் எழுந்து வந்தார். பெற்ற மகளுக்கும் தொடக் கொடுக்காத தன் கத்தியால் தையலை அறுத்தார். புதுக் கத்தியைக் கோழித் தொடையின் மூட்டில் வைத்தார். சத்தமில்லாமல் இறங்கியது. இன்னொரு மூட்டு. அப்புறம் இறக்கை. திருப்பித் தருகிற முகமாகத் தெரியவில்லை.

"மாமா, என் கத்தி..."

மனுஷன் நிமிரவே இல்லை. தன் பழைய கத்தியை இவன் பக்கம் தள்ளினார், கூடவே வெங்காயக் கூடையையும்.

"உக்காருங்க மாப்பிள்ளை. பொடிசா நறுக்கணும். சோபா பஞ்சு மாதிரி பிச்சுப் போட்டீங்கன்னா, மறுபடியும் சுள்ளிதான்."

அடுப்பை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான் சோபாக்காரன். சகலைகள் சுள்ளிக் கட்டோடு வந்து நின்றதும், தலையைத் தூக்காமலே சொன்னான்:

"அங்க வைங்க சகல."