எங்கள் வாசலுக்கு வந்த மலர்வளையம்

நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும் அவர்தான் எங்கள் ஒய்.பி., என் மகள் சேர்ந்தபோதும் அவரேதான். சட்டமன்ற உறுப்பினரை இங்கே ஒய்.பி. என்றுதான் சொல்வோம். சட்டமன்றத்தில் அவர் வாயைத் திறந்ததாக எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இந்த மலையில் எந்த லயத்தில் யார் செத்தாலும், பிணத்தைத் தூக்குவதற்குள் மலர்வளையத்தோடு வந்து நின்றுவிடுவார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் உதவியாளரை அனுப்புவார். சாவுக்கு அழைப்பே வேண்டாம். சும்மா சொல்லக்கூடாது, தொழில் தெரிந்த மனுஷன். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுவார்கள், சாவு வீட்டில் யார் வந்தார் யார் வரவில்லை என்று பேரன் காலம்வரை பேசுவார்கள் அல்லவா.

அப்பா ஆயுசு பூராவும் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர். நான் சொல்லும் வருஷத்தின் கடைசியில் அவருக்கு ஓய்வு. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். டவுனுக்குக் கீழே மலிவு விலை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றுக்கு மனு எழுதி, ஒய்.பி.யின் சேவை மையத்தில் கொடுத்திருந்தோம். மாதம் தவறாமல் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போவார். "பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்லா அண்ணே" என்று உதவியாளர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு லோரி டிரைவர் மாமா இறந்துபோனார். அவர் வீட்டு முன்னால் பெரிய கால்வாய் ஓடுகிறது. அதனால் கூடாரத்தை எங்கள் வாசலில் போட்டார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் வந்தவர்களுக்கெல்லாம் டீயும் எங்கள் வீட்டில்தான். ஆக, நாற்காலி எங்கள் வாசலில், கூட்டம் எங்கள் வாசலில், பிணம் மட்டும் பக்கத்து வீட்டில்.

ஒய்.பி.யின் கார் வந்து நின்றது. அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு சாவு இருந்ததாம், அவசரம். திரிங்காப் பூத்தோட்டத்தில் வாங்கிய செவ்வந்தி வளையத்தை எங்கள் நிலைப்படியில் சாத்திவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அழாதம்மா. உங்கப்பா எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் மாதிரி. அந்த மாதிரி மனுஷன இனிமே எங்க பார்க்கப் போறோம்?"

உதவியாளர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே டீத்தட்டோடு உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"வாங்க ஒய்.பி., டீ குடிங்க."

வேறு ஆளாக இருந்தால் ஓடியிருப்பான். ஒய்.பி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்றார். கூடாரத்தில் பாதிப்பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்கள். அவர்கள் அழுவதாக நினைத்து உதவியாளர் அதையும் படம் எடுத்தார்.

"இன்னும் இருக்கேன் ஒய்.பி. அந்த வீட்டு மனுதான்…"

"இந்த வாரமே முடிச்சுடறேன் அண்ணே."

சொன்ன வாரமே முடித்தும் விட்டார். சேவை மையத்திலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. தந்தையாரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல், விண்ணப்பதாரர் காலமாகிவிட்டதால் மனு முடிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. அப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

உதவியாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "இதுல செத்துட்டாருன்னு இருக்கே. உயிரோட இருக்காருன்னு சூராட், கடுதாசி ஏதும் வச்சிருக்கீங்களா?"

"சூராட்டா? ஆளே நிக்கிறாரு, கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க அக்கா. வீட்டு லிஸ்ட் போன வாரமே மேல போயிருச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுலா."

அப்பா இஸ்திரி போட்ட சட்டையின் கை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே நின்றார். அவரை அப்படிப் பார்த்ததை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

வருஷக் கடைசியில் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு காய்கறித் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குப் போனோம். மழை பெய்தால், எப்போது தண்ணீரைத் திறந்துவிடுவார்களோ என்று மேலே அணைக்கட்டுப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருப்போம். ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறோம்.

போன தேர்தலில் நான் ஓட்டுப் போடப் போகவில்லை. அப்பா விடிந்ததும் கிளம்பிவிட்டார், அதே இஸ்திரிச் சட்டை.

"செத்தவன் ஓட்டு செல்லுதான்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.

மத்தியானம் திரும்பி வந்து, மை வைத்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். செல்லிவிட்டது. யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"அவருக்குத்தான்."

"உனக்குப் பைத்தியமாப்பா? நம்ம வீடே போச்சே!"

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எஸ்டேட்டை விட்டு வந்தப்புறம் நம்மள யாரு எட்டிப் பார்த்தா, சொல்லு? நான் போனா இந்தக் கொட்டாய்க்கு யாரு வருவா? அவராவது மலர்வளையத்தோட முன்கூட்டியே வந்துட்டுப் போனாருல்ல" என்றார்.