விழுங்கினால்தான் மூட்டை நகரும்

அவள் ஒரு கரண்டிக் காபியை உறிஞ்சினால் மூன்று தெரு தள்ளித் தூங்கும் குழந்தை விழித்துக்கொண்டு அழும். சரி, மூன்று தெரு என்பது கொஞ்சம் அதிகம்தான். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கணக்கர் பேனாவைக் கீழே போட்டுவிடுவார் என்பது வரைக்கும் சத்தியம். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, காபிக் கிடங்கில் எல்லாருக்கும் அவள் உறிஞ்சியக்கா.

சுவை பார்ப்பதுதான் அவள் தொழில். வறுத்துப் பொடித்த ஒவ்வொரு வறுவலிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கிண்ணங்களில் போட்டு, கொதிநீர் ஊற்றி வைப்பார்கள். மேலே ஆடை மாதிரி திரண்டு நிற்கும் பொடியைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து பார்ப்பாள். அப்புறம் அந்த உறிஞ்சல். வாய் முழுக்கப் பரவவிட்டு, பக்கத்தில் இருக்கும் தகரத் தொட்டியில் துப்பிவிடுவாள். நாளெல்லாம் காபியிலேயே கிடப்பவள் அத்தனையையும் குடித்தால் என்ன ஆவது? ஆனால் தேறிய கிண்ணத்திலிருந்து மட்டும் கடைசியில் ஒரு மடக்கு விழுங்குவாள். அந்தக் கிடங்கின் வழக்கம் அது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விழுங்கினால் மூட்டை நகரும், இல்லாவிட்டால் நகராது.

அந்த மடக்குக்காக ஒருவர் தினமும் வாசற்படியில் வந்து நிற்பார். வறுவல் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் புகையண்ணன். புகையின் நிறத்தையும், உருளைக்குள் கொட்டை வெடிக்கும் சத்தத்தையும் வைத்தே பதம் சொல்கிறவர். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்ததும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவார். நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதில்லை. நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக இருவருக்கும் நடுவே இருந்த பேச்சு அந்த ஒரு மடக்குதான்.

இதில் குறுக்கே வந்தது, அவள் மகள் பிடித்த பிடிவாதம்.

போன வருஷம் ஒரு காலை, முகம் கழுவப் போன உறிஞ்சியக்காவின் கணவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று மகள்தான் கதவைத் தள்ளிப் பார்த்தாள், அப்பா கீழே கிடந்தார். மருந்துக்கடையில் நின்று விற்கிறவள் அவள். எத்தனை வகை நோய் உண்டு என்று தெரிந்தவள். அப்பா போனபின் தெரிந்ததெல்லாம் பயமாக மாறிவிட்டது. அம்மா கொஞ்சம் அசந்து தூங்கினால்கூடக் கிட்டே வந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அம்மாவும் தூங்குவதுபோலவே படுத்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் எங்கிருந்தோ இந்த டீடாக்ஸைப் பிடித்து வந்தாள். மாதம் முடியும்வரை காய்கறிச் சாறு, எலுமிச்சை பிழிந்த வெந்நீர், வேகவைத்த காய். உடம்பில் சேர்ந்த அழுக்கெல்லாம் போய்விடுமாம்.

"காபி?" என்று கேட்டாள் அம்மா.

"கூடவே கூடாது."

"உன் போன்லயே ஒருத்தர், பால் சர்க்கரை இல்லாம ஒரு கப் குடிக்கலாம்னு சொன்னாரே. நானும் கேட்டேன்ல?"

"இன்னொருத்தர் அது விஷம்னு சொன்னதைக் கேக்கலையா?"

"அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடுச்சுடி."

மகள் சிரிக்கவில்லை. "விளையாடாதேம்மா. அப்பாவும் இப்படித்தான் எதுக்கெடுத்தாலும் சிரிச்சு மழுப்புவாரு."

அம்மா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "என் பொழப்பே காபிதானேடி, என்ன பண்றது?" என்றாள்.

"நாக்குல வை, துப்பிடு. ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. எனக்காக."

'எனக்காக' என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை. அம்மா தலையாட்டினாள்.

மறுநாளே தலைவலி ஆரம்பித்தது. அழுக்கு வெளியேறுகிறது என்றாள் மகள். "அதுக்கு வேற வழியே கிடைக்கலையா, என் மண்டைதானா?" என்று முனகிக்கொண்டே அம்மா வேலைக்குப் போனாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு கிண்ணம் கிண்ணமாக உறிஞ்சித் துப்பினாள். வறுவல் அருமையாக இருந்தது. கை பழக்கத்தில் கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோனவள் சட்டென்று கீழே வைத்துவிட்டாள். "மூட்டை போகலாம்" என்று கணக்கரிடம் வாயால் சொன்னாள்.

வாசற்படியில் புகையண்ணன் வழக்கத்தைவிட நேரம் அதிகமாக நின்றார். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. காபிக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு காபியை விட்டிருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மூட்டை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தொட்டியைக் கழுவுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த முதுகைத்தான் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து அதிக காலம் ஆகவில்லை. நிறம் சரியாகத் தெரிகிறதா என்று அவருக்குள்ளேயே ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அன்றைய வறுவலை நல்ல பதம் என்று கண்ணுக்குப் பட்டுத்தான் இறக்கியிருந்தார்; ஆனால் அவள் விழுங்கவில்லை என்றால் கொட்டை பச்சையாக நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தார். மறுநாள் சற்றுக் கூட வறுத்தார். அவள் துப்பினாள், போகலாம் என்றாள். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். நாக்கில் ஏறிவரும் கசப்பை அவளும் கவனித்தாள். தலைவலியில் தன் நாக்குத்தான் கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டாள்.

வார முடிவில் ஒரு மத்தியானம் கணக்கர் வந்து நின்றார்.

"அக்கா, புகையண்ணன் மெஷின் சாவியை என் மேஜைல வச்சிட்டாரு. நாளையிலேருந்து வரலையாம்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உங்களைத்தான் கேக்கணும். ஒரு வாரமா நீங்க அவர் வறுத்ததை விழுங்கலையாமே. கூட்டாளியாச்சேன்னு வாயால போகலாம்னு சொல்லி, உள்ளுக்குள்ள ஒதுக்கிட்டீங்களாம். இரக்கத்துல ஓடுற பொழப்பு வேணாம்னு சொல்றாரு."

கையிலிருந்த கிண்ணத்தை வைக்கக்கூட மறந்து வறுவல் அறைக்கு ஓடினாள்.

அவர் இயந்திரத்தின் சின்னக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். புதிதாக வரப்போகிறவருக்குச் சுத்தமாக விட்டுப்போகிறவர் துடைக்கிற துடைப்பு அது.

"அண்ணே, நான் காபியை விட்டிருக்கேன். அதான் விழுங்கலை. வேற ஒண்ணுமில்ல."

அவர் திரும்பாமலே சிரித்தார். "மீன் தண்ணியை விட்டுடுச்சுன்னு சொல்லு, அதையாவது நம்புறேன்."

"சத்தியமாண்ணே. டீடாக்ஸ்னு ஒண்ணு. என் பொண்ணு பிடிச்சு வச்சிருக்கா."

"என் கண்ணு போயிடுச்சு தங்கச்சி. அதைச் சொல்ல மனசு வராம கதை கட்டுறே. உன் மேல கோவமில்ல."

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். மத்தியானச் சாற்றை அம்மா எடுத்துக்கொண்டு போகாமல் விட்டிருந்தாள். மருந்துக்கடையில் சொல்லிவிட்டுப் பச்சை நிறப் புட்டியோடு வந்திருந்தாள் மகள். வாசலிலேயே எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

"நிஜம்தான் மாமா. நான்தான் சத்தியம் வாங்கினேன். அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

அவர் புட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "நீ நல்ல பொண்ணும்மா. பெரியவன் மனசு நோகக்கூடாதுன்னு அம்மாவுக்கு ஒத்து ஊதுறே." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சொல்லிப் பயனில்லை என்று அம்மாவுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் வாயால் பேசாதவர்கள் இன்றைக்கு மட்டும் வாயால் பேசினால் எப்படி நம்புவார்? கிண்ணம் கையில்தான் இருந்தது. இன்றைய வறுவல், இன்னும் அவள் சுவைத்துக்கூடப் பார்க்காதது. மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் புட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "எனக்காகன்னு சொன்னேனேம்மா."

"உன்னைவிட்டு நான் எங்கடி போகப் போறேன்? ஒரு மடக்கு. அவ்வளவுதான்."

மகள் புட்டியைத் தரையில் வைத்தாள். பிறகு, தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிய அன்றைக்கு இருந்த அதே முகத்தோடு, சரியென்று மெல்லத் தலையசைத்தாள்.

அம்மா கிண்ணத்தைத் தூக்கி உறிஞ்சினாள். கணக்கர் பேனா விழுகிற உறிஞ்சல் இல்லை, சாதாரண உறிஞ்சல். கரி நாக்கைக் கிள்ளியது. கண் கலங்கியது. இருந்தும் துப்பவில்லை. அவர் பார்க்க, மகள் பார்க்க, தொண்டை ஏறி இறங்க விழுங்கினாள்.

"நல்லாயிருக்குண்ணே. ஒரு குறையும் இல்ல."

புகையண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் எடுத்து, வாயிலேயே வைத்திருந்தார். அப்புறம் குனிந்து சாம்பல் வாளியில் துப்பினார். கணக்கரைக் கூப்பிட்டு, சாவியைக் கொண்டுவரச் சொன்னார். பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"இது கருகிப்போச்சு தங்கச்சி, நீ துப்பியிருக்கணும். கெட்டது கெட்டதுன்னு எனக்கே தெரியுது. அப்போ, முதல் நாள் நீ விழுங்காம வச்ச அந்த வறுவல் நல்ல பதம்னு என் கண்ணுக்குப் பட்டுச்சே, அதுவும் சரிதான்."