சிவப்பு வளையம் போட்ட சவுக்கு

சவுக்குத் தோப்பில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். வறட்சி பார்த்தேன், பூச்சி பார்த்தேன். ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் மரம் என் உயிரை எடுத்த மாதிரி வேறெதுவும் எடுத்ததில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

1. புசுபுசு மரம்

எங்கள் தோப்பு கடத்தூர் பக்கம். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை முதலாளி போன் செய்தார். "நம்ம ஃப்ரெண்டு சேலத்துல இருந்து குடும்பத்தோட வர்றாருங்க. கிறிஸ்துமஸுக்கு மரம் வேணுமாம். அவங்களே வெட்டணுமாம். கூட இருந்து பாத்துக்கங்க."

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், தொப்பூரில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஒரு மணிக்கு வந்தார்கள். ஜோசப் சார், அவர் மனைவி ஸ்டெல்லா, எட்டு வயது மகள் ஜெனி. சார் கையில் புது ரம்பம். விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

நாங்கள் கம்பத்துக்காக வளர்ப்பவர்கள். நெருக்கி நட்டு, பக்கக் கிளையைக் கழித்துவிடுவோம். உச்சியில் மட்டும்தான் பசுமை இருக்கும்.

"என்னங்கண்ணா, எல்லாம் கரண்டு கம்பம் மாதிரி நிக்குது. அடியில இருந்து புசுபுசுன்னு வேணுங்க" என்றார் ஸ்டெல்லா.

"ஒரு மரத்தைச் சாய்ச்சு உச்சிய ஆறடிக்கு அறுத்துத் தர்றேங்க. ஜோரா இருக்கும்."

"ஐயோ, அவ்ளோ பெரிய மரத்தையா? பாவங்க."

வெட்டுவதற்கென்றே வளர்க்கிற மரத்துக்குப் பாவம் பார்க்கிறவர்களிடம் என்ன பேசுவது? இது கோணல், அது ஒல்லி என்று ஒன்றரை மணி நேரம் தோப்பைச் சுற்றினோம். எனக்குப் பசியில் கண் இருட்டியது. விருந்தாளிகளாயிற்றே என்று டீ வாங்க ரோட்டுக் கடைக்குப் போனேன். அதுதான் நான் செய்த வினை.

2. ரம்பச் சத்தம்

தோப்பு மூலையில் ஒரு மரம் தனியாக நின்றது. முந்தின கோடையில் போர்வெல் வற்றி அந்தப் பாத்தியே காய்ந்தபோது, அது ஒன்று மட்டும் பச்சை மாறாமல் நின்றது. அதைத் தாய்மரமாக ஒதுக்கினேன். தாய்மரத்தில் கொழுந்து கிள்ளித்தான் நர்சரியில் புதுக் கன்று எடுப்போம். கொழுந்து நிறைய வரட்டும் என்று உச்சியை நறுக்கிவிட்டதில் அது அடியிலிருந்தே புதராக அடர்ந்துவிட்டது. யாரும் கை வைக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு பெயின்ட்டில் வளையம் போட்டிருந்தேன். பொங்கல் கழித்துக் கொழுந்து எடுக்கலாம் என்றிருந்தேன். அதுவரை ஒரு கன்றுகூட எடுத்ததில்லை.

டீத் தூக்கோடு திரும்பினால் ரம்பச் சத்தம். ஓடினேன். அப்பாவும் மகளும் மண்டி போட்டு அறுத்து முடித்திருந்தார்கள். மரம் படுத்துக் கிடந்தது.

"யாருங்க இத வெட்டச் சொன்னது?"

ஜோசப் சார் விழித்தார். "நீங்கதானே மார்க் பண்ணி வெச்சிருக்கீங்க? ரோடு அகலம் பண்ணப்ப எங்க தெருவுல இப்படிப் பெயின்ட் அடிச்ச மரத்தத்தாங்க வெட்டுனாங்க."

நான் அறுபட்ட அடியில் இருந்த சிவப்பு வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நர்சரி பார்க்கும் முனியம்மாதான் அதட்டினார். "இன்னா சூப்பர்வைசரு, நின்னுக்கினே இருந்தா கொழுந்து வாடிப்பூடும். சாக்க நனைச்சுக்கினு வாங்க."

ஈரச் சாக்கை விரித்து எல்லோரும் கொழுந்து கிள்ள உட்கார்ந்தோம். ஸ்டெல்லா ஒவ்வொன்றுக்கும், "இவ்ளோ நீளம் போதுங்களாண்ணா?" என்று கேட்டுக் கேட்டுக் கிள்ளினார். ஜெனி அழுதாள். "என் மரம் மொட்டையாகுது."

"வேற உச்சி அறுத்துத் தர்றேன் பாப்பா" என்றேன்.

"வேணாம். நான் வெட்டுனது இதுதான்."

கார் கூரையில் மொட்டைக் குச்சியைக் கட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் கொழுந்தை வேர் பிடிக்க வைக்கும் பவுடரில் தோய்த்து, இருட்டுவதற்குள் மூன்று ட்ரே நட்டோம். பாதிக்கு மேல் கருகிவிட்டது. மீதியில் முதல் வேரைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

3. சொல்லாத ஒரு வார்த்தை

முதலாளி கேட்டபோது, "அவங்க வெட்டிட்டாங்க" என்று சொல்ல வாய் துடித்தது. "அவங்ககிட்ட நான்தான் சொல்லி வெக்கலீங்க" என்றேன். அதுதான் உண்மை. வளையத்துக்கு என்ன அர்த்தம் என்று தோப்பில் வேலை செய்யும் பத்துப் பேருக்குத் தெரியும். தோப்பையே சுற்றிக் காட்டிய நான் அந்த ஒரு வார்த்தையை விருந்தாளிகளிடம் சொல்லவில்லை. நமக்குப் பழகிப்போன அடையாளம் புது ஆளுக்கு வெறும் பெயின்ட்தான். வேலையில் சேருகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பிழைத்த கன்றுகளில் நான்கைத் தாய்மரமாக நிறுத்தினேன். வளையத்தை விட்டுவிட்டு, 'வெட்டாதே' என்று கொட்டை எழுத்தில் பலகை எழுதி மாட்டினேன். மறு கிறிஸ்துமஸுக்கும் அதே குடும்பம் வந்து நின்றது. இந்த முறை காரிலிருந்து இறங்கியதும் நேராகப் பலகையிடம்தான் கூட்டிப்போனேன். ஜெனி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தாத்தா, படிக்கத் தெரியாதவங்க வந்தா?"

அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கே முள் வெட்டி வந்து நாலு தாய்மரத்தையும் சுற்றி வேலி அடைத்தேன்.