சனிக்கிழமை கட்டிய பணம்

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை டியூப்லைட்டுக்கு நேரே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்துப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதினோரு வருடமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நான் மாட்டிக்கொண்டதில் அந்தத் திமிருக்கும் பங்கு இருக்கிறது.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வேலம்பாளையத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும், என் கம்பெனி எட்டரைக்கு. நடுவில் உள்ள நாலரை மணி நேரமும் கழுத்தில் சாவிக் கயிற்றோடு தனியாக இருப்பாள். ஒருநாள் மழையில் கரண்ட் போய்விட்டது. நான் வந்து கூப்பிட்டும் கதவைத் திறக்கவில்லை. என் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகம். ஜன்னல் வழியாக என் கையைக் காட்டிய பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். டெய்லராக இருந்துதான் செக்கிங்குக்கு வந்தேன், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டத் தெரியும். ஒரு மெஷினை வாங்கி வீட்டில் போட்டு, கம்பெனித் துணியை வாங்கித் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்து, நாலு மணிக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். ஜாப் ஒர்க்கில் முதல் இரண்டு மாதம் கையில் காசு வராது, பில் பாஸ் ஆகித்தான் கொடுப்பார்கள். அதனால் மெஷின் கடனை முடித்துவிட்டுத்தான் வேலையை விட முடியும்.

மெஷின் ஷோரூமில் கடையின் பெயர் போட்ட கடன் கார்டு ஒன்று கொடுத்தார்கள். மெஷின் முப்பத்தாறாயிரம். ஆறு மாதத்துக்கு வட்டி கிடையாது. மாதாமாதம் ஆயிரத்து ஐந்நூறு கட்டிக்கொண்டு, மீதியை ஆறு மாதம் முடிவதற்குள் மொத்தமாக அடைத்தால் போதும்.

"போனஸ் வாங்கிக் கட்டிக்கலாமுங்க அக்கா. வட்டியே இல்லீங்க," என்றான் சேல்ஸ் பையன். திருப்பூரில் பிறந்தவன், எங்கள் நாடித்துடிப்பு அவனுக்குத் தெரியும். இந்த ஊரில் மளிகைக்கடை பாக்கி, சீட்டு, வாடகை எல்லாமே சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. பெரிய பாக்கி என்றால் தீபாவளி போனசுக்கு. எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து மகளிடம், "தீபாவளிக்குப் பொறவு நாலு மணிக்கு அம்மா ஊர்ல ராணி மாதிரி வீட்டுல இருப்பேன்," என்று பீற்றிக்கொண்டேன். அவள் காலண்டரில் தீபாவளியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

ஆறு மாதமும் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி நாள் எது என்பதும் எனக்கு மனப்பாடம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள், சனிக்கிழமை மாலை கம்பெனியில் போனஸ் கவர் கொடுத்தார்கள். அதோடு சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்துச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு நேராக ஷோரூமுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் எண்ணி வாங்கி ரசீது கொடுத்தாள்.

"முடிஞ்சிட்டுல்லா?" என்றேன்.

"முடிஞ்சுதுங்க்கா. ஹேப்பி தீபாவளிங்க."

கெடுவுக்கு ஒரு நாள் முன்னாலேயே கட்டிவிட்ட கர்வத்தில் மகளுக்கு இருநூறு ரூபாய்க்கு அதிகமாகப் பட்டாசு வாங்கினேன். திங்கட்கிழமை கம்பெனி லீவு. ஊருக்குப் போகக்கூட இல்லை, மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்து பத்து நாளில் போனுக்கு ஸ்டேட்மென்ட் வந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் பாக்கி என்றிருந்தது. யாருடைய கணக்கோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ரசீதை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பையன் முன்னால் போட்டேன்.

"ஏன் தம்பி, சனிக்கிழமையே கட்டிட்டம்லா? இது எதுக்கு?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "சனிக்கிழமை சாயங்காலம் கட்டுன கேஷ் திங்கக்கிழமைதானுங்க அக்கா கணக்குல ஏறும். உங்க கெடு ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுதுங்க."

"ஒருநாள் தள்ளிப்போனதுக்கு ஒருநாள் வட்டி போடு. ஆறாயிரம் எங்கேருந்து வந்துச்சு?"

"அப்படி இல்லீங்க அக்கா. கெடுவுக்குள்ள முழுசா அடையலீன்னா, மெஷின் வாங்குன நாள்ல இருந்தே வட்டி வந்துருமுங்க. போன்ல அனுப்பியிருந்தீங்கன்னா அன்னிக்கே ஏறியிருக்குமுங்க. பேப்பர்ல போட்டிருக்குதுங்களே."

ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. சண்டை போடுவதற்குக்கூட ஆள் வேண்டுமே! மேனேஜரும் வந்து, தண்ணீர் கொடுத்து, உட்காருங்க என்று சொல்லி, அதையேதான் சொன்னார். இந்த ஊரில் 'ங்க' போட்டே கழுத்தை அறுத்துவிடுவார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதக் கட்டைப் பீரோவிலிருந்து எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் தமிழிலேயே இருந்தது. 'தொகை எங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும் நாளே செலுத்திய நாளாகக் கொள்ளப்படும்.' அதற்கு அடுத்த வரியில் வாங்கிய நாள் முதலான வட்டி. ஒரு பனியனில் ஊசி முனை அளவு ஓட்டையைப் பிடிக்கிறவள், என் கையெழுத்துக்கு நாலு விரல் மேலே இருந்ததைப் பார்க்கவில்லை. கூலி கையில் வாங்கி, கடன் கையில் கொடுத்தே பழகியவள் நான். என் கையை விட்டுப் பணம் போய்விட்டால் கடன் தீர்ந்தது என்றுதான் எனக்குத் தெரியும். அது நடுவழியில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது?

அத்தோடு அழுதுவிட்டு அந்த ஆறாயிரத்தைக் கட்டித் தொலைத்திருக்கலாம். கணவரும் அதைத்தான் சொன்னார். எனக்குத்தான் ரோஷம் ஏறிவிட்டது. செய்யாத தப்புக்கு ஒரு பைசா கட்ட மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். ஒன்பது மாதம் கட்டவில்லை, இந்தக் கணக்கு தீரட்டும் என்று வேலையையும் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் தாமதக் கட்டணம், அதற்கு வரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டி. என் ரோஷத்தில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கடைசியில் கம்பெனி ஆபீஸ் போனுக்கே கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க கடன்காரங்க லைன்ல இருக்காங்க," என்றார். டேபிளில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அந்தப் பாக்கி இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இப்போது மாதாமாதம் கட்டி வருகிறேன். கட்டுவதில் பாதி வட்டிக்கே போய்விடுகிறது. வாரச் சம்பளம் வராவிட்டால் அதுவும் நின்றுவிடும், அதனால் வேலையை விட முடியாது. எந்த வேலையிலிருந்து வெளியே வர மெஷினை வாங்கினேனோ, அந்த மெஷினே என்னை அங்கே உட்கார வைத்திருக்கிறது. பழைய சேலையைப் போர்த்தி மூலையில் வைத்திருக்கிறேன். அதன் மேல் மகள் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். தீபாவளிக்கு வட்டம் போட்ட காலண்டரைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன வாரம் துணி வராததால் கம்பெனியை மதியமே விட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கே வீட்டில் இருந்தேன். ஆசையாக இருந்தது. சேலையை விலக்கி, நூல் கோத்து, ஒரு வெட்டுத்துணியைக் கொடுத்து மெஷினை ஓட்டிப் பார்த்தேன். பழைய வேகம் கையில் அப்படியே இருந்தது. நாலே காலுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அவள்தான். கதவில் எப்போதும் தொங்கும் பூட்டு இல்லை, சும்மாதான் சாத்தியிருந்தது. சத்தம் வாசலில் வந்து நின்றது. உள்ளே வருவாள் என்று சிரித்துக்கொண்டே காத்திருந்தேன்.

வரவில்லை. செருப்புச் சத்தம் திரும்பி ஓடியது. நாலு கதவு தள்ளியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டி, இந்த ஊர்ப் பேச்சில் அவள் கத்துவது கேட்டது.

"அத்தை, சீக்கிரம் வாங்க! எங்க ஊட்டுக்குள்ள ஆரோ இருக்கறாங்க!"