டோரலிசா வீட்டுக் கொடிக்கு வந்த கால்சட்டைக்காரன்

டோரலிசா ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான்.

பிச்சிஞ்சா மலைச் சரிவில் பால் வண்டி திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. வண்டியருகே பால் கேனை இறக்கி வைத்துவிட்டு, "எங்க மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி கால்சட்டைக்காரனைப் பாத்தேன்" என்று வாயை விட்டாள். கால்சட்டைக்காரன் என்பது ஓசனிச்சிட்டுகளில் ஒரு சாதி. கட்டைவிரல் பருமன். வண்டு மாதிரி அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். இரண்டு காலிலும் வெள்ளைப் பஞ்சுருண்டை. குதிரை ஏறுகிற ஆண்கள் மாட்டிக்கொள்ளும் கம்பளிக் கால்சட்டையைச் சுருக்கிப் போட்டாற்போல. அது கண்ணில் பட்டே வெகுகாலம்; ஊரில் அதைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். மீதிப்பேருக்குக் கண் தெரியாது.

அவளுடைய ஓரகத்தி மெல்வா, வெளிநாட்டார் வந்து குருவி பார்ப்பதற்கென்றே தோட்டம் போட்டு, சீனித்தண்ணிப் புட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பவள். அவள் தோட்டத்துக்கே வராதது மாட்டுக்கொட்டாய்க்கு வந்தது என்றால் பொறுப்பாளா?

"அக்கா, காலங்காத்தாலயே பட்டைச் சாராயமா?" என்றாள்.

"சாராயம் குடிச்சா ரெண்டு குருவி தெரிஞ்சிருக்கும்டி. நான் பாத்தது ஒண்ணு."

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் விதவை வீட்டுப் பின்புறம் கால்சட்டைக்காரன் ஒருத்தன் வந்து போகிறான் என்று கடைத்தெருவில் ஆண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மறுநாள் பால் வண்டிக்காரன், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் கேனுக்குள் தண்ணீர் சோதிக்கும் குழாயை விட்டான். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

"என்னப்பா இது?"

"கோவிச்சுக்காதீங்க. இல்லாத குருவியக் கலக்குறவங்க பால்ல எதைக் கலக்குவாங்களோன்னு..."

அன்றைக்கு டோரலிசாவுக்கு உருளைக்கிழங்குக் கஞ்சி இறங்கவில்லை. இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது நாலு மாடும் அவள் வாய்ச்சொல்லும்தான். மாடுகள் பத்திரமாக இருந்தன.

ஆகவே, நோனோ ஊர்ப் பக்கத்திலிருந்து ரொசெந்தோ என்ற பறவை வழிகாட்டி விசாரிக்க வந்தபோது, குடிக்க வெல்லத் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்து உட்காரவைத்தாள்.

"நெஞ்சு என்ன நிறம் டோரலிசாம்மா?"

"அடுப்புக்கரி."

"பச்சையில்லையே? பச்சைன்னா அது வேற சாதி. அது இங்க நிறையத் திரியுது."

"எனக்குக் கரி தெரியும் தம்பி. வாலு பிளந்து, கத்தி மாதிரி நீலம். காலு ரெண்டும் பஞ்சு."

ரொசெந்தோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "எந்தப் பூவுக்கு வந்துச்சு?"

"சிவப்பு ரோஜாவுக்கு" என்றாள் டோரலிசா, மாட்டைப் பார்த்துக்கொண்டு.

அந்த ரோஜா துணி ரோஜா. அதைத் தைத்திருந்தது ஒரு சிவப்பு உள்ளாடையின் இடுப்பில்.

வருஷப் பிறப்பு ராத்திரி மஞ்சள் உள்ளாடை போட்டால் பணம் வரும், சிவப்பு போட்டால் துணை வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தானாக வாங்கக் கூடாது, யாராவது பரிசாகத் தரவேண்டும். புருஷன் போனதிலிருந்து குவாயாகில் நகரத்தில் இருக்கும் தங்கை டிசம்பர் தவறாமல் ஒரு சிவப்பை அனுப்பிவிடுவாள். டோரலிசா ஒன்றைக்கூடப் போட்டதில்லை; பரிசாக வந்ததைத் தூக்கி எறியவும் மனசு வராது. பெட்டியில் கிடந்தால் இந்த மூடுபனிக்குப் பூஞ்சணம் பூக்கும். அதனால் வெயில் வருகிற ஒரு நாளாகப் பார்த்து, கொட்டாய்க்குப் பின்னால் கொடி கட்டி உலர்த்துவாள். அப்படி உலர்த்திய காலையில்தான் அவன் வந்தான். வரிசையாக ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

இதை எந்த வாயால் சொல்வது?

ரொசெந்தோ கொட்டாய்க்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தான். சிவப்புக்குத்தானே வந்தான் என்று டோரலிசா சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். சிவப்புப் போர்வை, செத்துப்போன புருஷனின் கால்பந்துச் சட்டை, தக்காளிக் கூடை எல்லாம் கொடியேறின. பசுவுக்குக்கூட ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினாள். மெல்வா உதவி செய்கிற சாக்கில் வெல்லத்தைக் கரைத்து ஒரு புட்டியைக் கொண்டுவந்தாள்.

"வெல்லம் வேண்டாம்மா, புளிச்சுப் போகும், குருவிக்குச் சீக்கு வரும்" என்று ரொசெந்தோ பிடுங்கிக் கொட்டினான். "வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு. தோட்டம் வெச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே டோரலிசா அவனுக்குப் பாலாடைக்கட்டி வறுத்துப் போட்டாள்.

ஆனால் புதுப் புட்டிக்கு வந்தது ஒரு முரட்டுப் பச்சைச் சிட்டு மட்டுமே. வந்தது அங்கேயே உட்கார்ந்துகொண்டு, வண்டு, பட்டாம்பூச்சி, பசுவின் காது என்று கண்டதையெல்லாம் விரட்டியது. கால்சட்டைக்காரனைக் காணோம்.

"நாளைக் காலையோட கெளம்புறேன்மா" என்றான் ரொசெந்தோ. "உங்கள நம்பலைன்னு இல்ல. பாக்காம எழுத முடியாது."

செய்தி மெல்வா வழியாகப் பரவியது. விடிந்தபோது கொட்டாய்க்குப் பின்னால் பாதி ஊர் நின்றது. பால் வண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். மூடுபனிக்குள்ளிருந்து பாதிரியார்கூட வந்து சேர்ந்தார்.

டோரலிசா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளாடைக்காரி என்பார்கள். சொன்னால் சொல்லட்டும். பொய்க்காரி விற்கும் பாலை யார் வாங்குவார்கள்? கூடையோடு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டிக் கிளிப் குத்தினாள். சரிகை வைத்தது, குஞ்சம் வைத்தது, இதயப் படம் போட்டது. கடைசியில் ரோஜா வைத்தது. பாதிரியார் பசுவின் ரிப்பனை ஆராய்ச்சி செய்தார்.

"அக்கா!" என்றாள் மெல்வா. "இதெல்லாம் யாருக்காகக்கா?"

"பாத்துக்கிட்டே இரு, வருவான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குள் ஒரு ரீங்காரம் கேட்டது. கரி நெஞ்சு, கத்தி வால், காலில் இரண்டு பஞ்சுருண்டை. இதயப் படத்தின் முன் நின்றான், பிடிக்கவில்லை. ரோஜாவுக்கு நகர்ந்தான். மூக்கை உள்ளே விட்டான். முரட்டுச் சிட்டு விரட்ட வந்து, குஞ்சத்தில் முட்டி, வழிதெரியாமல் போய்விட்டது.

"அவனேதான்" என்றான் ரொசெந்தோ. "அந்தக் கயித்த யாரும் தொட்டுடாதீங்க." படம் எடுத்தான். நிறையவே எடுத்தான்.

எந்தப் படத்திலும் உள்ளாடையை வெட்டிவிட்டுச் சிட்டை மட்டும் வைக்க முடியவில்லை. வெட்டினால் மூக்கும் போய்விடும். அப்படியே பெரிதாக்கி ஊர்க் கூடத்தில் மாட்டினார்கள். மறுநாள் பால் வண்டிக்காரன் குழாயை வெளியே எடுக்கவேயில்லை. கேனை வாங்கி ஊற்றிக்கொண்டு, "இன்னைக்கு வந்தானா?" என்று மட்டும் மரியாதையாகக் கேட்டான்.

அந்த வாரமே ஊரில் பல கொடிகளில் சிவப்பு ஏறியது. எதற்கும் அவன் வரவில்லை. ஒரு சாயங்காலம் மெல்வா வேலியோரம் வந்து நின்றாள்.

"நானும் கடைல வாங்கி மாட்டினேன்கா. ஒரு ஈ வரல."

"தானா வாங்கினா எப்படிடி வருவான்? யாராவது குடுக்கணும்."

"உங்க கொழுந்தன் எனக்குச் செருப்புகூட வாங்கித் தந்ததில்ல. இதையா தரப்போறாரு?"

டோரலிசா கொடியிலிருந்து இதயப் படம் போட்டதை உருவி, நாலாக மடித்து, வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"இது அவனுக்குப் பிடிக்கல" என்றாள். "உன் வீட்டுக்காரனுக்குப் பிடிக்குதான்னு பாரு."